மேட்டுப் பாத்திக்கு மண் எவ்வளவு?

புரட்டாதி முடிந்து ஐப்பசி பிறக்கப்போகும் நாட்களில் வன்னிநாட்டுக் குடும்பங்களிடையே ஒரு பரபரப்பு உண்டாவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். வயலுடையோர் விதைநெல்லைப் பற்றிப் பேசுவர். வயல் இல்லாதோர் வீட்டு வளவைச் சுற்றிப் பார்த்து, இம்முறையாவது நாலு கத்தரியும் பத்து மிளகாயும் வைத்துவிட வேண்டும் என்று எண்ணுவர். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் பெருந்தெருவில் உள்ள தர்மபுரத்தில் நாமும் அவ்விதமே எண்ணினோம். எண்ணியதோடு நில்லாமல் மண்ணும் வாங்கினோம். அங்கேதான் தவறு நேர்ந்தது.

கிணற்றடிக்கும் வேலிக்கும் இடையே 12 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்ட ஒரு மேட்டுப் பாத்தி அமைப்பது நமது திட்டம். உயரம் 9 அங்குலம். இதற்கு மண் எவ்வளவு வேண்டும் என்று எட்டாம் வகுப்பில் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளையிடம் கேட்டோம். அவன் நாடாவை எடுத்து அளந்து, பாடசாலையில் பழகியவாறே மீற்றரில் கணக்கிட்டு, "ஒரு கன மீற்றர் அளவிலை வரும் அப்பா" என்றான். நாம் தொலைபேசியை எடுத்து மண் ஏற்றுபவரை அழைத்து, "ஒரு கியூப் மண் கொண்டு வாரும்" என்றோம்.

மாலையில் உழவு இயந்திரம் வந்தது. பெட்டி நிறைய மண். படலைக்கு முன்னால் சரித்துவிட்டபோது அது நம் இடுப்பளவுக்கு உயர்ந்து நின்றது. "என்ன இவ்வளவு?" என்று திகைத்தோம். "ஒரு கியூப் எண்டுதானே ஐயா சொன்னனீங்கள்?" என்றார் அவர். காசைக் கொடுத்தனுப்பிவிட்டுப் பிள்ளையின் கணக்கைக் குறைகூறினோம். அவன் மறுபடியும் அளந்தான், மறுபடியும் பெருக்கினான், அதே விடைதான் வந்தது. முகம் வாடி உட்கார்ந்துவிட்டான். அன்றிரவே மழை கொட்டியது. விடிந்து பார்த்தால் குவியலின் ஒரு பங்கு ஒழுங்கை வழியே ஓடிச் சேறாகப் படிந்து கிடந்தது. அயலவர் அதன்மேல் சைக்கிளை உருட்டிச் சென்றனர். நல்ல வேளையாக ஒருவரும் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை.

பிள்ளையின் கணக்கில் பிழை இல்லை. பிழை நம் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லில் இருந்தது. இலங்கையில் மணல், கல், கிரவல், மண் ஆகியவற்றை விற்போர் 'கியூப்' என்று கூறுவது 100 கன அடியை. பாடப்புத்தகத்துக் கன மீற்றரோ ஏறத்தாழ 35 கன அடிதான். ஆகவே ஒரு கியூப் என்பது 2.83 கன மீற்றர். நமக்கு வேண்டியிருந்ததைப் போல் ஏறக்குறைய மூன்று பங்கு மண்ணுக்கு நாம் காசு கொடுத்துவிட்டோம். வீடு கட்டுவோருக்கும் மேசன்மாருக்கும் இது தண்ணீர்பட்ட பாடு. வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ மண் வாங்கும் நம்போன்றோருக்குத்தான் தெரிவதில்லை. இந்த ஒரு சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் நாம் இழந்த காசு வீண்போகாது.

இனிக் கணக்குக்கு வருவோம். அடியிலேயே கணக்கிடுவது விற்பவரோடு பேச வசதி. நீளத்தை அகலத்தாலும், வருவதை உயரத்தாலும் பெருக்கினால் கன அடி கிடைக்கும். இதில் பெரியோரும் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. 9 அங்குலத்தை 0.9 அடி என்று எழுதிவிடுகின்றனர். ஓர் அடிக்கு 12 அங்குலம் ஆதலால் 9 அங்குலம் என்பது முக்கால் அடி, அதாவது 0.75. பன்னிரண்டை நாலால் பெருக்க 48, அதை முக்காலால் பெருக்க 36 கன அடி. 0.9 என்று போட்டால் 43க்கு மேல் போய்விடும். மாணவர்கள் இதைச் செய்துபார்த்தால் தசமத்துக்கும் அங்குலத்துக்கும் உள்ள பகை நன்றாகப் புலனாகும்.

மற்றொரு சறுக்கல், வெளியளவை எடுப்பது. பாத்தியைச் சுற்றிச் செங்கல்லை அடுக்குகிறவர்கள் சுவரின் வெளிப்புறத்தில் நாடாவைப் பிடிக்கிறார்கள். நாலரை அங்குலத் தடிப்புள்ள கல் இரு பக்கமும் இருந்தால் நீளத்திலும் அகலத்திலும் 9 அங்குலம் 9 அங்குலமாகக் குறையும். நம் பாத்தியின் உள்ளளவு அப்போது பதினொன்றேகால் அடியும் மூன்றேகால் அடியும் மட்டுமே. கொள்ளும் மண்ணும் 36 அன்று, ஏறத்தாழ 27 கன அடிதான். கால் பங்கு குறைந்துவிட்டது. பனங்குற்றியை வரம்பாக இடுபவர்களுக்கு வித்தியாசம் இன்னும் மிகும். (வன்னியில் குற்றி இடுபவர்கள் கறையானையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். நாம் அறிந்தவரை மூன்றாம் மாரிக்குள் அது தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.)

வரம்பே இல்லாமல் மண்ணை வெறுமனே குவித்து அமைக்கும் பாத்திக்கு ஓரங்கள் சரிந்திருக்கும். மேல் அகலம் 3 அடி, அடி அகலம் 4 அடி என்றால் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி மூன்றரை அடி என்று கொள்ள வேண்டும். வட்டப் பாத்தி என்றால் ஆரையை ஆரையால் பெருக்கி இருபத்திரண்டின் கீழ் ஏழால் பெருக்குவது பிள்ளைகள் அறிந்ததே. 7 அடி விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு முப்பத்தெட்டரைச் சதுர அடி. அதை அரை அடி உயர்த்தப் பத்தொன்பதேகால் கன அடி போதும்.

இவ்வளவோடு கணக்கு முடிந்துவிட்டால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மண் பெட்டியில் அடைக்கும் அரிசியைப் போன்றதன்று. வெட்டியெடுத்தால் பொருமும், கொட்டி நீர்விட்டால் அமரும், காய்ந்தால் இறுகும். திருக்குறளில் உழவைக் கூறும் அதிகாரத்தில், உழுத புழுதி ஒரு பலம் கால் பலமாகும்படி உலரவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமலே பயிர் விளையும் என்ற கருத்து வருகிறது. முக்கால் பங்கு குறைவது சற்று மிகைதான் எனினும், மண்ணின் அளவு நிலையானதன்று என்பதை அந்நாளிலேயே கண்டிருந்தனர். நடைமுறையில், உதிரியாகக் கொட்டிய மண்ணும் எருவும் முதல் மழைகளில் ஆறில் ஒரு பங்கேனும் இறங்கும் என்று கொள்ளலாம். ஆதலால் அமர்ந்தபின் 36 கன அடி நிற்க வேண்டுமாயின் கொட்டும்போது 43 கன அடி வேண்டும். 9 அங்குல உயரம் வேண்டுவோர் 11 அங்குலம் வரை குவிக்க வேண்டும்.

இந்த 43 கன அடியையும் காசு கொடுத்து வாங்க வேண்டுமா? வேண்டியதில்லை என்பதை நமக்கு உணர்த்தியவர் எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் ஒரு முதியவர்.

1977ஆம் ஆண்டிலும் 1983ஆம் ஆண்டிலும் நடந்த வன்செயல்களின் பின் மலையகத்துக் குடும்பங்கள் பல கிளிநொச்சி மாவட்டத்தை நாடி வந்து குடியேறின. தர்மபுரத்திலும் அவ்வாறு வந்தோர் உளர். முதியவரும் அவர்களில் ஒருவர். இளமையில் தேயிலைத் தோட்டத்தில் கான் வெட்டியவர். மலைச்சரிவில் பெய்யும் மழை மண்ணை அரித்துச் செல்லாதிருக்கக் குறுக்கே வெட்டப்படும் வாய்க்காலையே அங்கு கான் என்பர். சேறான ஒழுங்கையைக் கடந்து வந்த அவர் நமது குவியலைப் பார்த்துச் சிரித்தார். "மண்ண வெலைக்கா வாங்குனீங்க? பாத்திக்கு ரெண்டு பக்கமும் கான வெட்டி, வெட்டுன மண்ண நடுவுல போட்டா பாத்தி தானா ஒசந்துடுமே ஐயா" என்றார்.

ஒரு கணம் நமக்கு வெட்கமாகவே இருந்தது. மேடு வேண்டுமென்றால் மண்ணைக் கொண்டுவந்து கொட்ட வேண்டும் என்றே நாம் எண்ணியிருந்தோம். பக்கத்தைத் தாழ்த்தினாலும் நடு உயரும் என்பது தோன்றவில்லை. மெக்சிக்கோ நகருக்கு அருகிலுள்ள சொச்சிமில்கோவில் 'சினாம்பா' எனப்படும் தோட்டங்களை மக்கள் ஸ்பானியர் வருவதற்கு முன்பே இவ்விதம் அமைத்தனர். சதுப்பான ஏரிப்பகுதியில் கால்வாய்களுக்கிடையே சேற்றையும் செடிகொடிகளையும் மாறிமாறி அடுக்கி, நீர்மட்டத்துக்கு மேலே விளைநிலம் எழுப்பினர். 1987ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அப்பகுதியை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. முதியவர் சொச்சிமில்கோவைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆயினும் அவர் கூறியது அதே வித்தைதான்.

அவர் சொற்படி இரண்டாவது பாத்தி ஒன்றை அதே அளவில் அமைத்தோம். இம்முறை கணக்கைப் பிள்ளையிடம் விட்டுவிட்டு நாம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டோம். பாத்தியின் நீண்ட இரு பக்கங்களிலும் ஒன்றரை அடி அகலத்தில் நடைபாதை விட்டு, அதை அரை அடி ஆழத்துக்கு வெட்டினோம். ஒரு பக்கத்துக்கு 9 கன அடி, இரு பக்கத்துக்கும் 18. இறுகிய மண்ணை வெட்டியெடுத்தால் கால் பங்களவு பொருமும் ஆகையால் கையில் வந்தது ஏறத்தாழ 22 கன அடி. அதாவது வேண்டியதில் பாதி காலடியிலேயே கிடந்தது.

எஞ்சிய 21க்கும் வழி இருந்தது. மண்ணைப் போடுமுன் அடியில் 2 அங்குலக் கனத்துக்கு வாழைத்தண்டுத் துண்டுகளையும் வைக்கோலையும் கிழித்த பனையோலையையும் பரப்பினோம். இது 8 கன அடி. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் பனையோலையை நிலத்தில் தாழ்த்துப் பசளையாக்குவது நெடுநாள் வழக்கம். அதில் நமது புதுமை ஒன்றுமில்லை. உலர்ந்த வைக்கோலை மட்டும் தடிப்பாக இட்டுவிடலாகாது. அதை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனைத் தாமே எடுத்துக்கொள்வதால் செடி மஞ்சளித்துப் போகும். அதன்மேல் சாணத்தைக் கரைத்துத் தெளித்தால் அக்குறை பெரிதும் நீங்கும். மீதி 13 கன அடிக்கு நன்றாக உக்கிய மாட்டெருவும் கூட்டெருவும். அவற்றை வெட்டிய மண்ணோடு கலந்து நிரப்பினோம். வெளியிலிருந்து ஒரு கூடை மண்கூட வரவில்லை.

13 கன அடி எரு ஒரு வீட்டில் கிடைக்குமா என்று இல்லத்தரசிகள் கேட்கலாம். கன அடி என்றதும் அது ஏதோ பெரிய அளவு என்று மருள வேண்டாம். 10 லீற்றர் வாளியால் மூன்று வாளிக்குச் சற்றுக் குறைந்தது ஒரு கன அடி. அக்காலத்து மண்ணெண்ணெய்த் தகரத்தால் ஒன்றரைத் தகரம். ஆக நமக்கு வேண்டியது 37 வாளி எரு. மாடு வைத்திருக்கும் வீட்டில் இது பொருட்டன்று. மாடில்லாதோர் குப்பைக் குழியை வைகாசியிலேயே தொடங்கியிருக்க வேண்டும். 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் தடைசெய்து, சில மாதங்களில் அத்தடையைத் தளர்த்தியது பலருக்கும் நினைவிருக்கும். அடுத்த ஆண்டு நெருக்கடி முற்றியபோது, அரச ஊழியர் வீட்டில் பயிர்செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்கவும் அமைச்சரவை முடிவுசெய்தது. கூட்டெருவின் அருமையை அந்நாட்களில் நாம் எல்லோரும் உணர்ந்தோம். பின்னர் பசளை கடைக்கு வந்ததும் குழியை மூடிவிட்டோம் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நிலத்தின்மேல் நேரே அமையும் பாத்திக்கு 9 அங்குலம் போதும் என்பதற்குக் காரணம், வேர்கள் அத்தோடு நின்றுவிடுவதில்லை. கீழுள்ள மண்ணுக்குள்ளும் இறங்கும். அதனால்தான் மண்ணைப் போடுமுன் அடித்தளத்தை ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திவிட வேண்டும். கீரைக்கு 6 அங்குலமே தாராளம். சீமெந்துத் தரையின்மேல் அமைப்போருக்கு இது பொருந்தாது. அங்கே கத்தரிக்கும் தக்காளிக்கும் ஓர் அடிக்குக் குறையாமல் வேண்டும். ஒன்றரை அடி என்றால் இன்னும் நன்று. பாரத்தையும் எண்ணிக்கொள்ள வேண்டும். ஈரமண் கன அடிக்கு 40 கிலோவை எட்டும். நமது 36 கன அடிப் பாத்தி ஏறத்தாழ ஒன்றரைத் தொன். மேல்மாடத்தில் இதை வைக்க விரும்புவோர் முதலில் கட்டடம் அறிந்தவரைக் கேட்பதே நலம்.

மேட்டுப் பாத்தி எதற்கு என்று கேட்போரும் உண்டு. இப்பகுதியின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரையுள்ள நாலு மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. 2018ஆம் ஆண்டு மார்கழி வெள்ளத்தைக் கிளிநொச்சி மாவட்டத்தார் மறக்கமாட்டார்கள். அவ்வளவு பெரிய வெள்ளம் வராத ஆண்டிலும், தாழ்ந்த வளவில் மூன்று நாள் நீர் தேங்கினால் மிளகாய்ச் செடி வேர் அழுகித் தலைசாய்ந்துவிடும். வரண்ட வலயத்துச் செங்கபில மண் காய்ந்தால் கல்லாகும், நனைந்தால் ஒட்டும். ஆகவே மாரியில் வேரை நீருக்கு மேலே உயர்த்தி வைப்பதே பயிரைக் காக்கும் வழி. வெட்டிய நடைபாதை அப்போது வடிகாலாகவும் உதவும். ஆனால் அதே பாத்தி சித்திரை வெயிலில் நாலு பக்கமும் காற்றுப்பட்டு விரைவாக உலர்ந்துவிடும். சிறுபோகத்தில் நீரைத் தேக்கும் தாழ்பாத்தியே இங்கு ஏற்றது. ஆண்டு முழுவதும் உயர்ந்தே நிற்கட்டும் என்று செலவுசெய்து மதில்போலக் கட்டுவோர் கோடையில் இரட்டிப்பு நீர் இறைக்க ஆயத்தமாக இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு மண் வாங்கியே தீரவேண்டியவர்களும் இருப்பார்கள். வளவு முழுவதும் கிரவல் போட்டு உயர்த்தப்பட்ட வீடுகள் பல உள்ளன. அவர்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி விலை அன்று, மண் எங்கிருந்து வருகிறது என்பதே. வீட்டு அத்திவாரத்துக்கு இடும் கிரவல் பயிருக்கு ஆகாது. கடல்நீரேரிக் கரையை அடுத்து வெட்டிய மண் பார்வைக்குக் கறுத்துச் செழிப்பாகத் தோன்றும்; காய்ந்ததும் மேலே வெள்ளை பூத்தால் அது உவர். ஒரு போத்தலில் பாதி மண்ணும் பாதி நீரும் விட்டுக் குலுக்கி ஒரு நாள் வைத்தால் அடியில் மணலும் நடுவில் வண்டலும் மேலே களியும் தனித்தனியே படியும். ஒன்றே பெரும்பங்காக இருந்தால் அதைத் தனியே பாத்திக்கு இடலாகாது. பிள்ளைகள் விருப்பத்தோடு செய்யும் பரிசோதனை இது.

எங்கிருந்து என்று கேட்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. மண்ணும் மணலும் அகழ்ந்து விற்பதற்குப் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். அனுமதியின்றி இரவில் அள்ளப்படும் மண் ஓர் ஆற்றின் கரையாகவோ காட்டின் மேல்மண்ணாகவோ இருந்திருக்கும். நெத்தலியாற்றை மறித்து நிற்கும் கல்மடுக்குளம் நமக்கு அருகிலேதான் இருக்கிறது. 2009ஆம் ஆண்டுத் தை மாதத்தில் போரின் நடுவே அதன் அணைக்கட்டு உடைக்கப்பட்டு வெள்ளம் பாய்ந்ததை இவ்வூரார் அறிவர். அணையும் கரையும் இல்லாவிட்டால் நீர் என்ன செய்யும் என்பதை நமக்கு ஒருவர் விளக்க வேண்டியதில்லை. வீட்டுப் பாத்தியில் நாலு கத்தரிக்காய் காய்ப்பதற்காக ஆற்றங்கரை ஒன்று குறைவது நியாயமன்று என்பது நம் கருத்து. நாம் வாங்கிய அந்த ஒரு கியூப் எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்கவில்லை. இப்போது கேட்டிருக்கலாமே என்று தோன்றுகிறது.

மழைக்குத் தப்பிய குவியலில் முதற்பாத்தி நிரம்பியது போக மீந்ததை ஒழுங்கையின் பள்ளத்துக்கு இட்டோம். அயலவர் வாய் திறந்தது அப்போதுதான். நல்ல வார்த்தையாகவே சொன்னார்கள்.

உக்கும் பொருளைக் கலந்த பாத்தி ஒவ்வோர் ஆண்டும் இறங்கும். ஆகவே ஆண்டுக்கு ஓர் அங்குலம் மேலிட வேண்டும். 48 சதுர அடிக்கு அது 4 கன அடி, பன்னிரண்டு வாளி எரு. இறக்கத்தை அறியப் பிள்ளை ஒரு தடியில் அங்குலக் கோடுகள் கீறி இரண்டாவது பாத்தியின் நடுவே ஊன்றியிருக்கிறான். ஐப்பசி முதல் வாரத்தில் 11இல் நின்ற மண் கார்த்திகை விளக்கீட்டன்று ஒன்பதரையில் நின்றது. இன்னும் அரை அங்குலம் இறங்கும் என்கிறான். இம்முறை நாம் மறுத்துப் பேசவில்லை.